கரண்ட் வைக்கும் நாள் குறைந்தால் தோல் அதிகம் கருகுமா? ஏற்காடு மலையிலிருந்து சேலம் வரும் நோயாளிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். சுற்றுலா வருபவர்களுக்கு இந்த வளைவுகள் ஒவ்வொன்றும் ஒரு செல்ஃபி. ஆனால் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, "இனி கரண்ட் வைக்கணும்" என்று டாக்டர் சொல்லிவிட்ட ஒரு பெண்ணுக்கு அது வேறு கணக்கு.

மலையில் கதிர்வீச்சு சிகிச்சைக் கருவி கிடையாது. நாகலூரோ, வெள்ளக்கடையோ, செம்மநத்தமோ, எந்த ஊராக இருந்தாலும் சேலத்துக்கு இறங்கியாக வேண்டும். சிலர் வேலூர், கோவை, சென்னை வரைகூடப் போகிறார்கள். சேலத்தில் தங்க வசதியில்லாமல் தினமும் போய் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 25 நாள் சிகிச்சை என்றால் ஏற்காடு டவுனிலிருந்து மட்டும் போக வர 1,500 கிலோமீட்டர், 1,000 வளைவுகள். 15 நாள் என்றால் 900 கிலோமீட்டர், 600 வளைவுகள். 5 நாள் என்றால் 300 கிலோமீட்டர், 200 வளைவுகள்.

அதனால் "15 நாளிலேயே முடிச்சிடலாம்மா" என்று டாக்டர் சொன்னால் முதலில் நிம்மதி வரும். அடுத்த நிமிடமே பயமும் வரும். '25 நாள்ல கொடுக்குறதை 15 நாள்ல கொடுத்தா தோல் வெந்து போயிடாதா? பக்கத்து வீட்டு அக்காவுக்கு 3 நிமிஷம்தான் வச்சாங்க, எனக்கு ஏன் 8 நிமிஷம்?'

நியாயமான கேள்விகள்தான். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எந்த 'நேரம்' முக்கியம்?

கதிர்வீச்சு சிகிச்சையில் 'நேரம்' என்று சொன்னால் அதற்கு மூன்று அர்த்தம் இருக்கிறது. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பயம் வருகிறது.

ஒன்று, ஒருநாள் மேஜையில் படுத்திருக்கும் நிமிடங்கள்.
இரண்டு, ஒருநாளில் உடம்புக்குள் போகும் கதிரின் அளவு.
மூன்று, மொத்த சிகிச்சையும் எத்தனை நாளில், எத்தனை வாரத்தில் முடிகிறது என்பது.

தோல் எவ்வளவு பாதிக்கப்படும் என்பதை முடிவு செய்வதில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் பெரிய பங்கு உண்டு. முதலாவதுக்குக் கிட்டத்தட்ட பங்கே இல்லை. ஆனால் நாம் அதிகம் கவலைப்படுவது அந்த முதலாவதைப் பற்றித்தான்.

அதிக நிமிடம் படுத்தால் அதிகம் கருகுமா?

கருகாது.

காப்பிக்கொட்டை வறுப்பதை நினைத்துப் பாருங்கள். எத்தனை நிமிடம் அடுப்பில் இருந்தது என்பதை மட்டும் வைத்து கொட்டையின் பதத்தைச் சொல்ல முடியுமா? தீ எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். சிறு தீயில் 20 நிமிடம் ஆவது, பெரிய தீயில் சீக்கிரமே ஆகிவிடும். கதிர்வீச்சிலும் அப்படித்தான். கருவியிலிருந்து கதிர் வேகமாக வந்தால் நிமிடம் குறையும். மெதுவாக வந்தால் நிமிடம் கூடும். போய்ச் சேரும் அளவு மட்டும் மாறாது.

இதற்கு நல்ல உதாரணம் கோபால்ட் கருவி. சென்னை அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954-ல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனைக்கு 1950களிலேயே கோபால்ட் 60 கருவி வந்துவிட்டது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தொழில்நுட்பத்தில் உருவான 'பாபாட்ரான்' என்ற இந்தியக் கோபால்ட் கருவியும் உண்டு.

இந்தக் கருவிக்குள் இருக்கும் கோபால்ட் 60 என்ற கதிரியக்கப் பொருள் நாள் ஆக ஆக வலுவிழக்கும். 5.27 வருடத்தில் அதன் வலு சரிபாதியாகிவிடும். புதுசாக இருந்தபோது 2 நிமிடம் எடுத்த அதே சிகிச்சைக்கு, ஐந்தேகால் வருடம் கழித்து 4 நிமிடம் ஆகும். மருத்துவ இயற்பியலாளர் இதைக் கணக்குப் போட்டு நிமிடத்தைக் கூட்டிக்கொண்டே வருவார். நோயாளிக்குப் போகும் அளவு அதேதான்.

இன்று பல மருத்துவமனைகளில் இருப்பது லீனியர் ஆக்சிலரேட்டர். சுருக்கமாக 'லினாக்'. இதில் கதிரியக்கப் பொருள் எதுவும் இல்லை, மின்சாரத்தில் கதிர் உண்டாகிறது. கருவி பல கோணங்களுக்குத் திரும்பித் திரும்பிக் கதிரைச் செலுத்தினால் நேரம் கூடும். இடது மார்பு என்றால் இதயத்தைக் காப்பாற்ற மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வார்கள், அதற்கும் கொஞ்சம் நேரம் ஆகும். படுக்க வைத்து, தோலில் போட்ட அடையாளத்தோடு சரிபார்த்து, படம் எடுத்துப் பார்ப்பதற்கே பாதி நேரம் போய்விடும். அறைக்குள் 15 நிமிடம் இருந்தாலும் கதிர் பாய்வது அதில் சில நிமிடங்கள்தான்.

ஆகவே பக்கத்து வீட்டு அக்காவின் 3 நிமிடத்தையும் உங்கள் 8 நிமிடத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில் பயன் இல்லை. கருவி வேறு, கோணம் வேறு, உடம்பு வேறு.

கிரே என்றால் என்ன?

மருந்துக்கு மில்லிகிராம் மாதிரி, கதிர்வீச்சுக்கு 'கிரே' என்று ஓர் அளவு. மார்பகப் புற்றுநோய்க்குப் பல பத்தாண்டுகளாக உலகம் முழுக்க இருந்த வழக்கம், ஒருநாளைக்கு 2 கிரே வீதம் 25 நாளில் மொத்தம் 50 கிரே. சனி, ஞாயிறு விடுமுறை. ஆக 5 வாரம்.

ஏன் ஒரே நாளில் 50 கிரேயையும் கொடுத்து முடிக்கக் கூடாது?

ஏற்காடு மலைப்பாதையைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஒரு மாதம் முழுக்கச் சாரலாகப் பெய்யும் மழையை மண் தாங்கிக்கொள்ளும். அதே மழை ஒரே ராத்திரியில் கொட்டினால் மண் சரிந்து பாதை மூடிக்கொள்ளும். பெய்த மழை ஒன்றுதான். இடையில் மண்ணுக்கு அவகாசம் கிடைத்ததா என்பதுதான் வித்தியாசம்.

நல்ல செல்களும் அப்படித்தான். கதிர் பட்ட சேதத்தைச் சில மணி நேரத்திலிருந்து ஒருநாளுக்குள் பெருமளவு சரிசெய்துகொள்ளும். புற்றுநோய் செல்களுக்கு அந்தத் திறமை பொதுவாகக் குறைவு. அதனால்தான் சிகிச்சையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள்.

தோலுக்குள் என்ன நடக்கிறது?

நம் மேல்தோலின் அடியில் ஒரு வரிசை செல்கள் ஓயாமல் புதுத் தோலை உற்பத்தி செய்துகொண்டே இருக்கும். அவை மேலே ஏறி வந்து, காய்ந்து, உதிரும். இந்தச் சுற்று முடிய ஏறக்குறைய 4 வாரம் ஆகும்.

கதிர் அந்த அடிவரிசையைத்தான் தாக்குகிறது. மேலே ஏற்கெனவே இருக்கும் தோல் அப்படியேதான் இருக்கும். அதனால் முதல் வாரத்தில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. பழைய தோல் உதிர உதிர, ஈடுகட்டப் புதுத் தோல் வராதபோதுதான் பிரச்சினை வெளியே வருகிறது. முதலில் சிவப்பு அல்லது கறுப்பு, அப்புறம் அரிப்பு, காய்ந்து செதிலாக உரிவது. சிலருக்கு அக்குளிலும் மார்புக்கு அடியிலும் தோல் ஈரமாகப் பிய்ந்து புண்ணாகும்.

இவை உடனடி விளைவுகள். பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும்.

இன்னொரு வகை தாமத விளைவுகள். மாதங்கள், வருடங்கள் கழித்து வருபவை. தோலும் அடியில் உள்ள தசையும் கெட்டியாவது, மார்பு சுருங்குவது, தோலில் மெல்லிய சிவப்பு நரம்புகள் கோடு கோடாகத் தெரிவது. இவை வந்தால் பெரும்பாலும் நிரந்தரம்.

இந்த இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. உடனடி விளைவு, மொத்தம் எவ்வளவு கிரே போனது, எவ்வளவு வேகமாகப் போனது என்பதைப் பார்க்கும். தாமத விளைவுக்கோ ஒருநாள் பங்கு எவ்வளவு பெரியது என்பது ரொம்ப முக்கியம். டாக்டர்கள் நாள் குறைப்பதற்கு முன் பல வருடம் யோசித்ததற்குக் காரணம் இந்த இரண்டாவது பயம்தான்.

நாளைக் குறைத்தபோது என்ன ஆனது?

நாளைக் குறைக்கும்போது அதே 50 கிரேயை அடைத்துக் கொடுப்பதில்லை. ஒருநாள் பங்கைக் கூட்டி, மொத்த அளவைக் குறைக்கிறார்கள். பலருக்கும் தெரியாத விஷயம் இதுதான்.

பிரிட்டனில் நடந்த 'ஸ்டார்ட் பி' ஆய்வில் 2,215 பெண்கள் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவுக்கு 25 நாளில் 50 கிரே. இன்னொரு பிரிவுக்கு 15 நாளில் 40 கிரே. 10 வருடம் கழித்துப் பார்த்தபோது நோயைக் கட்டுப்படுத்துவதில் 15 நாள் சிகிச்சை எந்த வகையிலும் பின்தங்கவில்லை. மார்பு சுருங்குவது, வீக்கம், தோலில் சிவப்பு நரம்புகள் தெரிவது ஆகியவை 15 நாள் பிரிவில் குறைவாகவே இருந்தன.

உடனடித் தோல் பாதிப்பு எப்படி? அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் தலைமையில் 287 பெண்களிடம் நடந்து 2015-ல் வெளியான ஆய்வு இதை நேரடியாகவே பார்த்தது. நீண்ட நாள் சிகிச்சை எடுத்தவர்களில் 69 சதவீதம் பேருக்குக் குறிப்பிடத்தக்க தோல் அழற்சி வந்தது. குறைந்த நாள் சிகிச்சையில் அது 36 சதவீதம். அரிப்பு, வலி, தோல் கறுப்பது, களைப்பு எல்லாமே குறைந்த நாள் பிரிவில் குறைவு.

அதாவது மார்பகப் புற்றுநோயைப் பொறுத்தவரை நம் பயத்துக்கு நேர் எதிராகத்தான் நடந்திருக்கிறது. நாள் குறைந்தது, தோல் பாதிப்பும் குறைந்தது. காரணம், மொத்த அளவு குறைந்தது.

அடுத்து வந்தது 'ஃபாஸ்ட் ஃபார்வர்ட்'. பிரிட்டனின் 97 மருத்துவமனைகளில் 4,096 நோயாளிகள். 15 நாளில் 40 கிரே ஒரு பிரிவு, 5 நாளில் 27 கிரே இன்னொன்று, 5 நாளில் 26 கிரே மூன்றாவது. 5 வருட முடிவுகள் 2020-ல் வந்தன. அதே மார்பில் நோய் திரும்பியது 15 நாள் பிரிவில் 2.1 சதவீதம், 26 கிரே பிரிவில் 1.4 சதவீதம்.

இதே ஆய்வின் ஒரு பகுதியாகச் சிலரின் தோலை மட்டும் வாராவாரம் கவனித்தார்கள். மூன்றாம் நிலை என்று சொல்லப்படும் கடுமையான தோல் பாதிப்பு 15 நாள் பிரிவில் 44 பேரில் 6 பேருக்கு வந்தது. 5 நாளில் 26 கிரே எடுத்த 52 பேரில் 3 பேருக்கு வந்தது.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயமும் உண்டு. 27 கிரே எடுத்தவர்களுக்குத் தாமத விளைவுகள் அதிகமாக இருந்தன. 26-க்கும் 27-க்கும் ஒரே ஒரு கிரேதான் வித்தியாசம். ஒருநாள் பங்கு பெரிதாக இருக்கும்போது அந்தச் சின்ன வித்தியாசம்கூட வருடங்கள் கழித்துத் தெரிகிறது. 5 நாள் சிகிச்சைக்குத் திட்டமிடலும் கணக்கும் துல்லியமாக இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

கொரோனா காலத்தில், மருத்துவமனைக்கு வரும் நாட்களைக் குறைக்க வேண்டிய கட்டாயத்தில், 5 நாள் முறை பல நாடுகளில் வேகமாகப் பரவியது. இந்தியாவிலும் கொல்கத்தாவின் டாடா மெடிக்கல் சென்டர் தலைமையில் 'ஹைபோர்ட்' என்ற ஆய்வு 15 நாளையும் 5 நாளையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது.

அப்போ எல்லாருக்கும் 5 நாள் போதுமா?

இல்லை. இங்குதான் ஜாக்கிரதை வேண்டும்.

வாய், தொண்டைப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். வெற்றிலை, புகையிலைப் பழக்கத்தால் நம் ஊரில் அதிகம் வரும் நோய். இதற்கு வழக்கமான சிகிச்சை 66 முதல் 70 கிரே வரை, 33 முதல் 35 நாள், ஏறக்குறைய 7 வாரம்.

சர்வதேச அணுசக்தி முகமை, ஆசியா, ஆப்பிரிக்கா உட்படப் பல கண்டங்களின் மருத்துவமனைகளோடு சேர்ந்து 900 நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடத்தியது. முடிவு 2010-ல் வெளியானது. அதில் மொத்த அளவைக் குறைக்கவில்லை. வாரத்துக்கு 5 முறை என்பதை 6 முறை ஆக்கினார்கள், அவ்வளவுதான். நோய் நன்றாகவே கட்டுப்பட்டது. ஆனால் கடுமையான தோல் பாதிப்பு 11 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக ஏறியது.

இரண்டு ஆய்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். நாளைக் குறைத்து, மொத்த அளவையும் குறைத்தால் தோல் பாதிப்பு குறையும். மொத்த அளவைக் குறைக்காமல் நாளை மட்டும் நெருக்கினால் தோல் பாதிப்பு கூடும். அப்படியிருந்தும் சில புற்றுநோய்களில் நெருக்கித்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. நோய் வேகமாக வளர்வதை முந்த வேண்டுமே!

மார்பகப் புற்றுநோயிலும் நோயின் கட்டம், நெறிக்கட்டுகளுக்கும் சேர்த்துக் கதிர் வைக்க வேண்டுமா, மார்பைச் சீரமைக்கும் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறதா என்பதைப் பொறுத்து நாள் மாறும். எத்தனை நாள் என்று முடிவு செய்வது டாக்டர். ஏன் அத்தனை நாள் என்று கேட்பது உங்கள் உரிமை.

தோலைப் பாதிக்கும் மற்ற விஷயங்கள்

நாள் கணக்கு மட்டுமே தோலின் விதியை எழுதுவதில்லை.

கருவியின் வகை ஒரு காரணம். கோபால்ட் கதிர், தோலிலிருந்து சுமார் அரை சென்டிமீட்டர் ஆழத்தில் உச்ச அளவை அடைகிறது. லினாக்கின் 6 மெகாவோல்ட் கதிர் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்தில். ஆழம் கூடக்கூட மேல்தோலுக்கு மிச்சம் பிடிக்கிறது.

சிலருக்கு டாக்டர்களே வேண்டுமென்று தோலின் மேல் ஜெல் போன்ற ஒரு பட்டையை வைத்துக் கதிர் கொடுப்பார்கள். தோலிலும் நோய் இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் தோலுக்கு முழு அளவு போக வேண்டும் என்பதற்காக. அவர்களுக்குத் தோல் பாதிப்பு கூடுதலாகத்தான் இருக்கும். அது தவறால் வந்தது இல்லை.

பெரிய மார்பு, தோல் மடிந்து உரசும் இடங்கள், அதிக உடல் எடை, புகைப்பழக்கம், கூடவே நடக்கும் கீமோதெரபி ஆகியவையும் பாதிப்பைக் கூட்டும்.

வீட்டுக்கு வந்தபிறகு வரும் புண்

மலையிலிருந்து வருபவர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

25 நாள் சிகிச்சையில் தோல் பாதிப்பு உச்சத்துக்கு வருவது பெரும்பாலும் கடைசி வாரத்திலும், முடிந்த அடுத்த ஒன்றிரண்டு வாரத்திலும். அப்போது நோயாளி தினமும் மருத்துவமனையில் இருப்பார், நர்ஸ் கண்ணில் பட்டுவிடும்.

5 நாள் சிகிச்சையில் கதை வேறு. திங்கள் ஆரம்பித்து வெள்ளி முடிந்துவிடும். தோல் பளிச்சென்று இருக்கும். 'அவ்வளவுதானா?' என்று மலையேறி வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதற்கு அடுத்த ஒன்று முதல் மூன்று வாரங்களில்தான் தோல் சிவந்து, கறுத்து, உரியத் தொடங்கும். மேலே சொன்ன 4 வாரக் கணக்கு இதுதான். 15 நாள் சிகிச்சையிலும் முடிந்த பிறகே உச்சம் வரும்.

அப்போது பதறிப்போய் மஞ்சளை அரைத்துப் பூசுவது, விளக்கெண்ணெய் தடவுவது, தெரிந்தவர் கொடுத்த தீக்காய மருந்தைப் போடுவது எல்லாம் நடக்கும். வேண்டாம். சிகிச்சை முடியும் நாளிலேயே 'புண் வந்தால் யாருக்கு போன் பண்ணணும்?' என்று கேட்டு, நம்பரை வாங்கிக்கொண்டு மலையேறுங்கள். நடுராத்திரியில் ஆலோசனை தேவைப்பட்டால் அரசின் 104 மருத்துவ உதவி எண் இருக்கிறது.

நம் தோலில் சிவப்பு தெரியாது

பாடப் புத்தகங்களில் இருக்கும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. அதில் முதல் அறிகுறி பளிச்சென்ற சிவப்பு. நம் தோலில் அது அப்படித் தெரியாது. கறுப்பாக, கருஞ்சிவப்பாக, சில நேரம் பழுப்பாகத் தெரியும். அதைப் பார்த்து 'சும்மா கறுத்திருக்கு' என்று விட்டுவிட வாய்ப்பு அதிகம்.

அதனால் நிறத்தை மட்டும் பார்க்காமல் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கிறதா, வீங்கியிருக்கிறதா, எரிகிறதா, துணி பட்டால் வலிக்கிறதா? இவற்றை வாய்விட்டுச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

மலையில் இருப்பவர்களுக்குத் தனிக் கவனம்

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். குளிர்கிறது, பனிமூட்டமாக இருக்கிறது, வெயில் இல்லையே என்று நினைப்போம். ஆனால் ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். மெல்லிய மேகமும் அதை முழுசாகத் தடுக்காது. கதிர் வைத்த இடம் கழுத்தாகவோ தோள்பட்டையாகவோ இருந்தால் பருத்தித் துணியால் மூடிக்கொண்டு வெளியே போவது நல்லது. இது சிகிச்சை முடிந்த பிறகும் பல மாதங்களுக்குப் பொருந்தும்.

குளிருக்குக் கம்பளி ஸ்வெட்டர் போடுவீர்கள். அதன் சொரசொரப்பு நேரடியாகத் தோலில் படாமல் உள்ளே மெல்லிய, தளர்வான பருத்தி உடை போடுங்கள். வெந்நீர் ஒத்தடம், கணப்புச் சட்டி, ஹாட் வாட்டர் பேக் எதையும் கதிர் வைத்த இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம். குளிக்க வெதுவெதுப்பான தண்ணீர் போதும்.

காப்பித் தோட்டத்தில் வேலை செய்பவர்கள் பழம் பறிக்கும் கூடை, பையின் வார் கதிர் வைத்த பக்கத்துத் தோளில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மிளகு பறிக்க ஏணி ஏறிக் கையைத் தூக்குவது, விறகுச் சுமை தூக்குவது ஆகியவற்றை எப்போது மறுபடி தொடங்கலாம் என்று டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

குளிக்கலாமா? க்ரீம் போடலாமா?

'கரண்ட் வைக்கிற இடத்துல தண்ணியே படக் கூடாது' என்று ஒரு நம்பிக்கை உண்டு. மிதமான சோப்பு போட்டு மென்மையாகக் கழுவலாம், தேய்க்கக் கூடாது, துணியால் ஒற்றி எடுக்க வேண்டும் என்பதுதான் இன்றைய பொதுவான அறிவுரை. மருத்துவமனை போட்ட அடையாளக் கோடுகளை மட்டும் அழித்துவிடக் கூடாது.

டாக்டர் எழுதிக் கொடுத்த க்ரீமை மெல்லிசாகத் தடவலாம். சிகிச்சைக்குச் சற்று முன்பு அப்பமாக அப்பிக்கொண்டு போனால் மேல்தோலுக்குப் போகும் அளவு கூடும். அந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டுவது, சவரம் செய்வது, சொறிவது கூடாது.

இன்னொரு பயம், வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களே என்பது. வெளியிலிருந்து கருவி மூலம் கதிர் வைத்தால் உங்கள் உடம்பில் கதிர் தங்காது. பேரனைத் தூக்கலாம், மடியில் வைத்துக்கொள்ளலாம். எந்த ஆபத்தும் இல்லை.

ஒருநாள் விட்டால் என்ன?

மழையில் மரம் விழுந்து பாதை அடைக்கும். பஸ் வராது. காப்பி அறுவடைக் காலத்தில் ஒருநாள் கூலியை விட முடியாது. தோல் எரிகிறது, இரண்டு நாள் ஆறட்டும் என்று தோன்றும்.

ஆனால் இடைவெளி விழுந்தால் தோல் தேறுவது போலவே நோயும் தேறிவிடும். முக்கியமாகத் தலை, கழுத்து, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களில் சிகிச்சை நீளும் ஒவ்வொரு நாளுக்கும் நோயைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு சுமார் 1 சதவீதம் குறையலாம் என்கின்றன ஆய்வுகள். தவிர்க்க முடியாமல் விட்டுப்போனால் அன்றே போன் செய்து சொல்லுங்கள். சனிக்கிழமையிலோ, ஒரே நாளில் குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறையோ கொடுத்து ஈடுகட்ட வழி இருக்கிறது. சொல்லாமல் விட்டால் எதுவும் செய்ய முடியாது.

செலவுக்குப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர்வீச்சு சிகிச்சையும் அடங்கும்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. எனக்கு மொத்தம் எத்தனை முறை, எத்தனை வாரம்?
2. குறைந்த நாள் சிகிச்சை எனக்குப் பொருந்துமா? பொருந்தாது என்றால் ஏன்?
3. தோல் பாதிப்பு எந்த வாரத்தில் அதிகமாக வரும்?
4. எந்த அறிகுறி வந்தால் உடனே மலையிறங்கி வர வேண்டும்?
5. எந்த க்ரீம், எப்போது தடவணும்?
6. ஒருநாள் வர முடியாவிட்டால் யாரிடம் சொல்ல வேண்டும்?

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

* தோல் பிய்ந்து ஈரம் கசிவது, ரத்தம் வருவது
* சீழ், கெட்ட வாடை
* காய்ச்சல், நடுக்கம்
* புண் பரவிக்கொண்டே போவது
* தூங்க முடியாத வலி

இவற்றில் எது வந்தாலும் 'அடுத்த செக்கப் வரட்டும்' என்று காத்திருக்க வேண்டாம். ராத்திரி மலையிறங்க முடியாத நிலை என்றால் ஏற்காடு அரசு மருத்துவமனையிலாவது முதலில் காட்டிவிடுங்கள். கதிர்வீச்சு சிகிச்சை எடுத்திருப்பதைச் சொல்லி, சேலத்தில் கொடுத்த சிகிச்சைச் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள். அதில் எத்தனை கிரே, எத்தனை நாள் என்று எழுதியிருக்கும். எந்த டாக்டர் பார்த்தாலும் முதலில் கேட்கப்போவது அந்த இரண்டு எண்களைத்தான்.